பழைய பி.பி. அப்பரேட்டஸை என்ன செய்வது? பாதரசக் கருவிகளை அப்புறப்படுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஸ்டோர் ரூமைக் கொஞ்சம் காலி பண்ணிடுங்க." மருத்துவமனையிலோ கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ புதிதாகச் சேர்ந்தவரிடம் இந்த வேலை எப்படியும் வந்து சேரும். கதவைத் திறந்தால் கால் உடைந்த ஸ்டூல், துருப்பிடித்த ட்ரிப் ஸ்டாண்ட், ஓடாத ஃபேன். நடுவே தூசி படிந்த பெட்டிகளில் ஐந்தாறு பழைய பி.பி. அப்பரேட்டஸ். மற்றதையெல்லாம் காயலான் கடைக்குப் போடலாம். இந்தப் பெட்டிகளை மட்டும் போடவே கூடாது. ஏன் கூடாது, அப்படியானால் என்னதான் செய்வது என்று புதியவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இருபது வருடத்துக்கு மேல் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு சிறிய மருத்துவமனையில், மூத்தவர் ஒருவர் சொன்னார்: "பெட்டியெல்லாம் இடத்தை அடைக்குது. மெர்குரியை மட்டும் ஒரு பாட்டில்ல ஊத்தி வச்சுட்டு மீதியைக் கடையில போட்டுடு." மூன்றாவது கருவியைத் திறக்கும்போது கை தவறியது. பாதரசம் மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து நூறு மணிகளாகச் சிதறியது. துடைப்பத்தால் கூட்டினோம். கூட்டக் கூட்ட மணிகள் இன்னும் பொடியாயின. பெருக்க வந்த ஆயாம்மா, "வெள்ளி மாதிரி ஓடுதே, இது என்ன தம்பி?" என்று உள்ளங்கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பல மாதங்களுக்கு அந்த அறையைத் தினமும் குனிந்து பெருக்கியவர் அவர்தான். இன்றுவரை அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும் பாதரசம் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. வெளியே வந்த பாதரசம்தான் ஆபத்து. கையில் பட்டால் விஷம் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அதன் ஆவிக்கு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போன ஆவியில் பெரும்பகுதி நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். கர்ப்பிணியாக இருந்தால் கருவையும் எட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் ஏறக்குறைய 1 கிராம் பாதரசம் இருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறையின் காற்று சுமார் 27 கன மீட்டர். வேலையிடக் காற்றுக்குப் பல நாட்டு வல்லுநர்கள் பின்பற்றும் வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம். ஆக, அந்த அறை வரம்பைத் தொட ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பாதரசம் ஆவியானால் போதும். தெர்மாமீட்டரில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை அது. பி.பி. அப்பரேட்டஸில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். அதாவது ஒரே பெட்டியில் நூறு தெர்மாமீட்டர்.

நம் ஊர் வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆவியாகும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குளிர்நாட்டுக் கையேடுகளில் 20 டிகிரிக்குச் சொல்லும் எச்சரிக்கை, சித்திரை மாதத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஸ்டோர் ரூமுக்குப் போதாது.

துடைப்பம் ஏன் கூடாது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 1 கிராம் பாதரசம் ஒரே மணியாக இருந்தால் பட்டாணி அளவு. அதுவே ஆயிரம் பொடி மணிகளானால், எடை அதேதான், காற்றுப் படும் பரப்பு மட்டும் பத்து மடங்கு. நானும் ஆயாம்மாவும் அன்று கூட்டிக் கூட்டிச் செய்தது இதைத்தான்.

காயலான் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. ஹிந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து போன பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, 2001-இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் டன் கணக்கில் கிடப்பது வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. உடல்நிலை கெட்டதாகச் சொன்ன முன்னாள் தொழிலாளர்கள் நிறுவனத்தோடு உடன்பாட்டுக்கு வர 2016 ஆனது. உங்கள் ஸ்டோர் ரூமில் இருப்பது டன் கணக்கில் இல்லைதான். ஆனால் காயலான் கடைக்காரர் அந்தப் பெட்டியைச் சுத்தியலால் உடைத்து அலுமினியத்தையும் இரும்பையும் பிரிக்கும்போது, பக்கத்தில் அவருடைய குழந்தை உட்கார்ந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு 100 கிராமே மிக அதிகம்.

படி 1: எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள்

ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். எதையும் நகர்த்த வேண்டாம். என்ன, எத்தனை, எங்கே, உடைந்திருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள்.

வார்டிலும் ஓ.பி.யிலும் பி.பி. அப்பரேட்டஸ், தெர்மாமீட்டர். சுவரில் மாட்டியது, சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிற்பது இரண்டையும் மறந்துவிடாதீர்கள். லேபில் வாட்டர் பாத், இன்குபேட்டர், ஓவன், ஃபிரிட்ஜ் ஆகியவற்றில் செருகிய நீளத் தெர்மாமீட்டர்கள். பல் மருத்துவப் பிரிவில் வெள்ளி நிற அமால்கம் அடைப்புப் பொருள். அதில் ஏறக்குறைய பாதி எடை பாதரசம்தான். வயிறு, உணவுக்குழாய் சிகிச்சைக்குப் பயன்பட்ட பழைய ரப்பர் குழாய்கள் சிலவற்றில் எடைக்காகப் பாதரசம் நிரப்பியிருப்பார்கள். தூக்கிப் பார்த்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். இப்போது வேலை பார்க்கும் பெரும்பாலோர் இவற்றைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும்.

கல்லூரி என்றால் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் காற்றழுத்தம் அளக்கும் ஃபார்டின் பாரோமீட்டர், வாயு அழுத்தம் அளக்கும் யு வடிவ மானோமீட்டர். வேதியியலில் கலோமல் எலக்ட்ரோடு (பாதரசம் உள்ள ஒரு மின்முனை), பாதரச உப்புக் குப்பிகள், அப்புறம் "இருக்கட்டும்" என்று யாரோ சேமித்து வைத்த பாதரச பாட்டில். மின் அறையில் பழைய மிதவை சுவிட்சுகள். சின்னக் கண்ணாடிக் குமிழைச் சாய்த்தால் உள்ளே வெள்ளித்துளி ஓடும். விளக்குகளில் டியூப் லைட், சி.எஃப்.எல்., வளாகத்துப் பெரிய மெர்குரி விளக்கு.

எல்லா பி.பி. கருவியிலும் பாதரசம் இல்லை. வட்ட டயலில் முள் ஓடுவது அனராய்டு. டிஜிட்டலிலும் பாதரசம் கிடையாது. தெர்மாமீட்டரில் சிவப்பு, நீலக் கோடு தெரிந்தால் அது சாயம் கலந்த ஆல்கஹாலோ அதுபோன்ற வேறு திரவமோதான். வெள்ளிக் கோடு தெரிந்தால் பாதரசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேலின்ஸ்டான் என்ற பாதரசமில்லாத உலோகக் கலவையும் வெள்ளியாகத்தான் தெரியும். பாதரசம் இல்லை என்று கண்ணாடியிலோ உறையிலோ அச்சிட்டிருந்தால் மட்டும் தனியே வையுங்கள்.

இன்னொன்று. பழைய டிவியிலும் ரேடியோவிலும் லட்சக்கணக்கில் விலைபோகும் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்று ஒரு புரளி ஊரெல்லாம் சுற்றியது. அப்படி ஒரு பொருளே கிடையாது. அதை நம்பி யாராவது ஸ்டோர் ரூம் பொருளை உடைக்க வந்தால் உள்ளே விடாதீர்கள். ரசமணி கட்ட வேண்டும், நகைப் பட்டறைக்கு வேண்டும் என்று கேட்டு வருபவர்களும் உண்டு. தெரிந்தவராக இருந்தாலும் ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது.

படி 2: யார் தொட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும்

இந்த வேலையைத் துப்புரவுப் பணியாளர் தலையில் கட்டாதீர்கள். பொறுப்பேற்றவர் நீங்கள் என்றால் நீங்களே செய்யுங்கள். கூட விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இதில் வேண்டாம். கருவுற்றிருப்பதை இன்னும் வெளியே சொல்லாதவர்கள் இருப்பார்கள். அதனால் எந்த சிஸ்டராவது "நான் வரலை" என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

தங்கம் பாதரசத்தோடு உடனே கலந்து வெளுத்துப்போகும். வெள்ளியும் அப்படித்தான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். ரவிக்கைக்குள் விட்டு, மேலே கழுத்துவரை மூடிய ஏப்ரன் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேலைக்கு முன் ஒரு வாளியில் இவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: நைட்ரைல் கையுறை, பழைய எக்ஸ்-ரே ஃபிலிம் அல்லது கெட்டி அட்டை இரண்டு துண்டு, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச், அகலமான ஒட்டு டேப், கந்தகப் பொடி, ஜிப் வைத்த கெட்டி பிளாஸ்டிக் பைகள், திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, டார்ச். வாளியில் "பாதரசச் சிதறல்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வேலை முடிந்த பிறகும் அது அங்கேயே இருக்கட்டும். கடையில் வாங்கும் சாதாரண மூக்குக் கவசம் தூசியைத்தான் தடுக்கும், பாதரச ஆவியைத் தடுக்காது. அதை நம்பி உடைந்த கருவி கிடக்கும் மூடிய அறைக்குள் நிற்காதீர்கள்.

வேலை செய்யும் இடத்தில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று வேண்டும். அலுமினியத் தட்டு கூடவே கூடாது. பாதரசம் அலுமினியத்தை அரித்துப் பொடியாக்கும். பாதரசக் கருவிகளை விமானத்தில் ஏற்ற அவ்வளவு கட்டுப்பாடு இருப்பதும் இதனால்தான்.

படி 3: உடைக்காமல், திறக்காமல் கட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கருவி எப்படி இருக்கிறதோ அப்படியே முழுசாகப் போக வேண்டும். பாதரசத்தை வடிக்காதீர்கள். ஒரே பாட்டிலில் சேர்க்காதீர்கள். இடம் மிச்சம், எடை குறைவு, பெட்டியாவது காசாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பி.பி. அப்பரேட்டஸில் பாதரசத் தொட்டிக்குப் பக்கத்தில் திறக்கவும் மூடவும் ஒரு சின்னத் திருகோ நெம்போ இருக்கும். பெட்டியின் மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் உள்ள பாதரசம் முழுவதும் தொட்டிக்குள் இறங்கும்வரை கருவியைத் தொட்டிப் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பிடியுங்கள். குழாய் காலியானதும், சாய்த்தபடியே அந்தத் திருகை மூடுங்கள். பிறகுதான் பெட்டியை மூட வேண்டும். பல வார்டுகளில் இதைச் செய்யாமலே பெட்டியைச் சாத்திவிடுவார்கள். பாதரசம் கசிந்து பெட்டிக்குள் மணிமணியாகக் கிடப்பது அதனால்தான். ரப்பர் குழாயைப் பிடுங்கவோ வெட்டவோ வேண்டாம். பழைய கருவிகளில் அதற்குள்ளும் பாதரசம் ஏறியிருக்கும். கையில் சுற்றும் கஃப்பைச் சுருட்டி உள்ளேயே வையுங்கள். பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி, கெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, நிமிர்ந்த நிலையில் அட்டைப் பெட்டிக்குள் வைத்து இடைவெளியில் செய்தித்தாள் திணியுங்கள். எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போடுங்கள்.

தெர்மாமீட்டர்களை அவற்றின் பிளாஸ்டிக் உறையிலேயே விடுங்கள். உறை இல்லாதவற்றை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி, அடியில் துணி விரித்த திருகுமூடி டப்பாவில் படுக்க வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாகக் கட்டினால் ஒன்றோடொன்று மோதி உடையும். டியூப் லைட்டுகளைப் புதிது வந்த அட்டை உறையிலேயே திரும்பச் செருகிவிடலாம். விளக்கு ஒன்றில் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆனால் வருடம் முழுவதும் சேர்த்து வைத்துக் குப்பைத்தொட்டியில் உடைத்துப் போடுவதால்தான் அது பெரிதாகிறது.

பாட்டிலில் இருக்கும் பாதரசத்தைக் கையாளப் பழக வேண்டும். தண்ணீரைவிட அது பதின்மூன்றரை மடங்கு கனம். பார்க்க அரை லிட்டர் பாட்டில், தூக்கினால் கிட்டத்தட்ட 7 கிலோ. கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் பாட்டில் அடி கழன்று விழும், நான் பார்த்திருக்கிறேன். அடியில் ஒரு கை கொடுத்து, தட்டின் மேலே வைத்தே நகர்த்துங்கள். பழைய கண்ணாடி பாட்டில் என்றால், மாற்றி ஊற்ற வேண்டாம். பாட்டிலோடு சேர்த்துப் பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கி மூடுங்கள்.

ஃபார்டின் பாரோமீட்டரை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். அரைக் கிலோவுக்கு மேல் பாதரசம் உள்ளே நிற்கிறது. மேலே வெற்றிடம். அப்படியே சாய்த்தால் பாதரசம் ஓடிப்போய்க் குழாயின் உச்சியில் சுத்தியலால் அடித்தது போல மோதும், கண்ணாடி தாங்காது. அடித்திருகைச் சரியான அளவு ஏற்றி, குழாயை நிரப்பி, தலைகீழாகத் திருப்பி எடுத்துப் போகும் முறை ஒன்று உண்டு. அதைக் கையால் செய்து பழகியவர் வரும்வரை அது சுவரிலேயே தொங்கட்டும்.

கொட்டிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் கொட்டும். அப்போது முதல் இரண்டு நிமிடம்தான் முக்கியம்.

யாரும் மிதிக்காமல் எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். செருப்பில் மணி ஒட்டியிருந்தால் அந்தச் செருப்பு அறையிலேயே இருக்கட்டும். ஃபேன், ஏ.சி. இரண்டையும் நிறுத்துங்கள். வராண்டாப் பக்கக் கதவைச் சாத்தி, வெளிப்புற ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். இது தெர்மாமீட்டர் அளவுச் சிதறல் என்றால் நீங்களே எடுக்கலாம். பி.பி. அப்பரேட்டஸ் முழுவதும் கொட்டியிருந்தால், அல்லது ஹீட்டர், அடுப்பு போன்ற சூடான இடத்தில் விழுந்திருந்தால், வெளியே வந்து கதவைப் பூட்டி, கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, நிர்வாகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். சூட்டில் எழும் ஆவியைச் சில மணி நேரம் சுவாசித்தாலே இருமல், நெஞ்சிறுக்கம், காய்ச்சல் வரும். அப்படி யாருக்காவது வந்தால் 108-க்கு அழைத்து, பாதரச ஆவி என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சின்னச் சிதறலை எடுக்கும் முறை இது. கையுறை போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணிகள் எல்லாம் நட்சத்திரம் போல மின்னும். முதலில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போடுங்கள். அடுத்து, வெளியிலிருந்து நடுவை நோக்கி, எக்ஸ்-ரே ஃபிலிம் துண்டால் மணிகளை மெல்ல நகர்த்தினால் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய மணியாகும். அதைச் சிரிஞ்சால் உறிஞ்சி டப்பாவில் விடுங்கள். மிஞ்சிய பொடிகளை டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுத்து, டேப்போடு பையில் போடுங்கள். கடைசியாக, டைல்ஸ் இடுக்கிலும் சுவரோரத்திலும் கந்தகப் பொடி தூவுங்கள். மஞ்சள் பொடி பழுப்பாக மாறும் இடத்தில் பாதரசம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ரசத்தைக் கந்தகம் கட்டும் என்று நம் சித்த வைத்தியர்களுக்கு எப்போதோ தெரியும். ஆனால் தரையில் தூவிய கந்தகம் எல்லாவற்றையும் உடனே கட்டிவிடாது. மணிகளைப் பொறுக்காமல் மேலே தூவி மூடிவிட்டால் மறைத்ததாகத்தான் ஆகும். அரை மணி நேரம் கழித்து ஈரக் காகிதத்தால் துடைத்து அதையும் பையில் போடுங்கள். ஜன்னல் ஒரு நாள் முழுக்கத் திறந்தே இருக்கட்டும்.

வாக்கும் கிளீனர் போட்டால் சூட்டில் ஆவியாகி அறை முழுக்கப் பரவும். அந்த எந்திரமும் அதோடு பாழ். சிங்க்கில் கழுவினால் அடிவளைவில் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆவி விடும். பாதரசம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது.

வாயில் தெர்மாமீட்டர் உடைந்து குழந்தை பாதரசத்தை விழுங்கிவிட்டால் பெற்றோர் பதறிப்போவார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: விழுங்கிய உலோகப் பாதரசம் குடலில் மிக மிகக் கொஞ்சமே சேரும், பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் கண்ணாடி கீறியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். தரையில் சிந்தியதை உடனே எடுப்பதுதான் அந்தக் குழந்தைக்குச் செய்யும் பெரிய உதவி.

படி 4: போகும்வரை வைத்திருப்பது

பூட்டுப் போட்ட, வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறை. ஜெனரேட்டர், பாய்லர், ஆட்டோகிளேவ் பக்கம் வேண்டாம். மரத்தரையோ கார்ப்பெட்டோ இல்லாத இடமாக இருக்கட்டும். பெட்டிகள் எல்லாம் பிளாஸ்டிக் தட்டுகளின் மேலே, அலமாரியின் கீழ்த்தட்டில். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன பொருள், எத்தனை, எடை, எந்தத் தேதியில் வைத்தது என்ற சீட்டு. இது அபாயகரக் கழிவு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் இதற்குப் படிவம் 8 என்று லேபிள் முறையே இருக்கிறது. பதிவேடு படிவம் 3. 90 நாளுக்கு மேல் உங்களிடம் வைத்திருக்கக் கூடாது. எனவே வண்டி எப்போது வரும் என்று பேசி முடித்துவிட்டுக் கருவிகளைக் கழிவாகப் பதிவேட்டில் ஏற்றுவது நல்லது.

மருத்துவமனையில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. உடைந்த தெர்மாமீட்டரை மஞ்சள் பையில் போடுவது. மஞ்சள் பை எரிப்பு உலைக்குப் போகிறது. உலைக்குள் போன பாதரசம் ஒரு துளியும் எரியாது, புகைபோக்கி வழியே ஆவியாக ஊர்மேல் போகும். சிவப்புப் பை, வெள்ளை டப்பா, நீலப் பெட்டி இவற்றிலும் போடக் கூடாது. மருத்துவக் கழிவின் நான்கு நிறங்களில் எதற்கும் பாதரசம் சொந்தமில்லை. அமால்கம் அடைத்த பல்லைப் பிடுங்கினால் அதுவும் தனி டப்பாவுக்குத்தான். இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு ஷிஃப்ட் சிஸ்டரிடமும் நேரில் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிய தாளை யாரும் படிப்பதில்லை.

படி 5: யாரிடம், எப்படிக் கொடுப்பது

முதலில் அலுவலகத்துக்குள் காகிதம் சரியாக வேண்டும். இருப்புப் பதிவேட்டில் உள்ள கருவியைக் கண்டம் செய்ய, அதாவது இனி பயன்படாது என்று கழித்துவிட, குழு கூடித் தீர்மானம் எழுத வேண்டும். அந்தத் தீர்மானத்தில் "ஏலத்தில் விடலாம்" என்ற வழக்கமான வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பாதரசக் கருவிகளைத் தனிப் பட்டியலாகப் பிரித்து, "அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படைக்க" என்று மாற்றச் சொல்லுங்கள். வருடக்கணக்கான பழக்கத்தில் வரும் வரி அது. எடுத்துச் சொன்னால் மாற்றிவிடுவார்கள்.

அடுத்து, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: இன்ன பொருள் இத்தனை, இன்ன எடை, எங்கள் அங்கீகாரத்தில் இதைச் சேர்க்க வேண்டுமா, யாரிடம் ஒப்படைப்பது? பாதரசத்தை மீட்டெடுக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இருந்தால் அதற்கே முதலிடம். இல்லையென்றால் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயகரக் கழிவுப் பொது மையம். டியூப் லைட்டும் சி.எஃப்.எல்.லும் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும்.

"நாங்க எல்லாம் எடுப்போம் சார்" என்று சொல்லி வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வாரியத்தின் அங்கீகாரக் கடிதத்தில் பாதரசக் கழிவு என்று எழுதியிருக்கிறதா? கடிதம் காலாவதியாகாமல் இருக்கிறதா? இங்கிருந்து கிளம்பும் வண்டி எந்த முகவரிக்குப் போகிறது? மூன்றில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் எதையும் கொடுக்காமல் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பணம் தருகிறேன் என்பவரைவிட, கட்டணம் கேட்பவர் பெரும்பாலும் நம்பத் தக்கவர். முறையாகச் செய்ய அவருக்குச் செலவு இருக்கிறது. நிர்வாகம் முகம் சுளித்தால் கொடைக்கானலைச் சொல்லுங்கள்.

வண்டி வரும் நாளில் அவர்கள் எதிரிலேயே எடை போடுங்கள். படிவம் 10 என்ற அனுப்புச்சீட்டு ஏழு பிரதி, ஏழு நிறம். ஓட்டுநர் கையெழுத்துப் போட்ட மஞ்சள் பிரதி உங்கள் கையில் நிற்க வேண்டும். வெள்ளைப் பிரதியை வாரியத்துக்கு அனுப்புங்கள். பொருள் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாக நீலப் பிரதி பெற்றவரிடமிருந்து உங்களுக்குத் திரும்பி வரும். அது வராதவரை வேலை முடியவில்லை. இரண்டு வாரத்தில் வரவில்லையென்றால் போன் செய்யுங்கள், அப்புறம் கடிதம் எழுதுங்கள். அந்த வருடக் கணக்கைப் படிவம் 4-இல் ஜூன் 30-க்குள் வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மாற்று வந்த பிறகு

"பாதரசம் மாதிரி துல்லியம் எதிலும் வராது" என்று பெரிய டாக்டர்கள் சொல்வார்கள். அந்தக் கவலையை அலட்சியம் செய்யாதீர்கள்; அனராய்டு கீழே விழுந்தால் அளவு பிசகுவது உண்மை. சோதித்துத் தேறிய டிஜிட்டல் கருவியை வாங்குங்கள். அனராய்டு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்த்துத் தேதி ஒட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பாதரசக் கருவி ஒன்றை அலமாரியில் வைத்திருக்க வேண்டியதில்லை. மின்னணு அழுத்தமானி போதும். ஜப்பானின் மினமாட்டா நகரத்தின் பெயரில் 2013-இல் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை இந்தியா 2018-இல் ஏற்றது. பாதரசத் தெர்மாமீட்டர், பி.பி. கருவி உற்பத்தியை நிறுத்த அது வைத்த கெடு 2020. விலக்குக் கேட்ட நாடுகளுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. எனவே பழையதை ரிப்பேர் செய்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், உதிரிக்கும் பாதரசத்துக்கும் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள்.

வண்டி போன அன்று மாலை, விளக்கை அணைத்துவிட்டு, காலியான அந்த அறைக்குள் டார்ச்சோடு ஒருமுறை போங்கள். தட்டுகளின் மூலை, அலமாரியின் அடி, கதவு நிலை. எங்காவது ஒரு பொட்டு மின்னினால், மேலே சொன்ன முறையில் எடுத்து, அந்தத் தட்டையும் சேர்த்துக் கட்டி அடுத்த அனுப்புதலுக்கு எழுதி வையுங்கள். மறுநாள் காலையில் பெருக்க வருபவரிடம், இந்த அறையில் இனி என்ன இல்லை என்பதையும், வெள்ளியாக ஓடும் எதையாவது பார்த்தால் தொடாமல் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.